ஒற்றியூரில் ஒரு ஊன்றுகோல்

"கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் திறப்பாங்க, போய்ப் பார்த்துட்டு வந்துடு." என் கழுத்தில் நெறி கட்டியதிலிருந்து அம்மா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முட்டி வலியில் அவளால் வர முடியாது. "எனக்கும் சேர்த்து நீ பாரும்மா" என்றாள். வருஷத்தில் அந்த மூன்று நாள்தானே அப்பன் கவசமில்லாமல் தரிசனம் தருகிறான்.

நெறி என்றால் வலி இருக்கும், இரண்டு நாளில் வடியும். இது வலிக்கவும் இல்லை, வடியவும் இல்லை. சாயங்காலம் ஆனால் லேசாக உடம்பு சுடும். விடியற்காலையில் தலையணை நனைந்திருக்கும். தைத்துப் போட்ட ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. டாக்டர் முதலில் ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்தார். அதில் தெளிவாகத் தெரியவில்லை என்று கட்டியிலிருந்தே சதை எடுத்தார்கள். "டி.பி.யா இருக்கலாம். கேன்சர் வகையில ஒண்ணாவும் இருக்கலாம். பார்த்துதான் சொல்லணும்" என்றார். நெறியில் வரும் டி.பி. என்றால் ஆறு மாதம் மாத்திரை, அரசு மருத்துவமனையில் காசில்லாமலே கொடுக்கிறார்கள். கடவுளே, டி.பி.யாக இருக்கட்டும் என்று ஒருத்தி வேண்டிக்கொள்ளும் காலமும் வரும் என்று நான் நினைத்ததில்லை.

எடுத்த சதையை லேபுக்குக் கொண்டுபோனது என் வீட்டுக்காரர்தான். மூடி இறுக்கிய சின்ன பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சதை கெடாமலிருக்க ஃபார்மலின், அடியில் துவரம்பருப்பு அளவுக்கு வெளுத்துப்போய் ஒரு துணுக்கு. ஆட்டோவில் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே வந்தார். பேசவே இல்லை. சொன்ன தேதியில் போன் செய்தால், "இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கு, லேட் ஆகும்" என்றார்கள். எதற்காக என்று கேட்டேன். டாக்டரிடம் கேளுங்கள் என்று வைத்துவிட்டார்கள். தவிக்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அன்றைக்கு ராத்திரி முழுக்க போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எல்லா வியாதியும் எனக்கு இருப்பது போலவே இருந்தது. அவர் எழுந்து வந்து போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

இந்த நிலையில்தான் கிளம்பினோம். பௌர்ணமியாயிற்றே, ஒற்றியூர் வடிவுடையம்மனோடு மேலூர் திருவுடையம்மனையும் முல்லைவாயில் கொடியிடையம்மனையும் சேர்த்து மூன்று அம்மனையும் பார்த்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஆசைதான். உடம்பு இடம் கொடுக்காது.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் டோல்கேட், காலடிப்பேட்டை தாண்டி தேரடி. முன்பெல்லாம் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போவோம்; அந்தக் கஷ்டம் இப்போது இல்லை. ஆனால் தெருவில் கால் வைக்க இடமில்லை. மழைச் சகதி வேறு. ஒருத்தர் பின்னாலேயே வந்து, "ஐந்நூறு குடுங்க, க்யூவே இல்லாம கிட்ட நின்னு பார்க்கலாம்" என்று நச்சரித்தார். பூ முழம் சொன்ன விலையைக் கேட்டு என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். சாமி பெயரைச் சொல்லி இப்படிப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வரிசை நகரவே இல்லை. நின்ற இடத்தில் தேவாரம் பாடிய சுந்தரர் நினைவுதான். இந்த மகிழ மரத்தடியில்தானே தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார், உன்னைப் பிரிய மாட்டேன் என்று. திருவாரூர் ஞாபகம் வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. அப்போது அவர் பாடியதில், கண்ணை எடுத்துக்கொள்வதுதான் உன் கணக்கு வழக்கு என்றால் எனக்கு ஊன்றுகோலாவது கொடு என்று ஒரு இடம் வரும். கோல் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது. இடக்கண் காஞ்சியில், வலக்கண் திருவாரூரில். தம்பிரான் தோழரான சுந்தரருக்கே ஒன்றொன்றாகத்தான் கிடைத்தது. அவரும் முதலில் பெற்றது கோலைத்தான்.

கர்ப்பக்கிரகம் நெருங்க நெருங்கத் தள்ளுமுள்ளு. யாரோ ஒருவர் முழங்கை தையல் போட்ட இடத்திலேயே பட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் நெருக்கித் தள்ளப்பட்டு எங்கேயோ போய்விட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தது. காசிமேட்டுப் பக்கத்து அம்மா என்று பேச்சிலேயே தெரிந்தது. "ஏன் இப்டி தள்றீங்க? பொண்ணு கழுத்துல கட்டு போட்டுக்கினு நிக்குது, கண்ணு தெர்ல? யம்மா, என் கைய புட்ச்சிக்கோ, வுடாத." விடவில்லை. அந்தக் கையில் மீன் வாசனையும் மஞ்சள் வாசனையும் சேர்ந்து வந்தது.

அப்புறம் அவனைப் பார்த்தேன். கவசமில்லை. தண்ணீர் அபிஷேகம் காணாத மண் மேனி, புனுகும் சாம்பிராணித் தைலமும் பூசிக் கறுப்பாக, ஈரமாக, தீபம் அசையும்போது மேலே ஒரு மினுக்கம். மண் மண்ணாகவே இருந்தது, மேடும் பள்ளமுமாக. வழியெல்லாம் "ரிசல்ட் நல்லபடியா வரணும்" என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அங்கே நின்றபோது அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "அதுவரைக்கும் என்னைப் பிடிச்சுக்கோப்பா" என்றுதான் வந்தது. "நடங்க, நடங்க" என்று நகர்த்திவிட்டார்கள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

வடிவுடையம்மன் முன்னால் போனதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தாயிடம் அழாமல் யாரிடம் அழுவது? குங்குமம் வாங்கித் திரும்பினால் அந்தக் காசிமேட்டு அம்மா இல்லை. பேர்கூடக் கேட்கவில்லை. எங்கே இருந்தாலும் அவர் பிள்ளை குட்டிகள் கடலுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும், தாயே.

அன்றைக்குச் சாயங்காலமும் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டேன். ஆனால் ராத்திரி தூங்கினேன். நடுவில் எழுந்து கழுத்தைத் தடவிப் பார்க்கவில்லை. எத்தனை நாளாயிற்று அப்படித் தூங்கி! இதைவிட நான் என்ன கேட்க?

வியாழக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், ரிப்போர்ட்டும் அன்றைக்குத்தான். டி.பி. என்றாலும் சரி, மற்றது என்றாலும் சரி, அவர் சொல்லும் வைத்தியத்தை ஒரு வேளை தவறாமல் செய்வேன். விளக்கெரிக்க எண்ணெய் இல்லாமல் கலிய நாயனார் தன் கழுத்தையே அரியப் போனபோது, கையைப் பிடித்து நிறுத்திய சாமி இது. அவன் சந்நிதி விளக்குக்கு ஒரு டின் நல்லெண்ணெய் நேர்ந்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் அந்த எண்ணெய் போய்ச் சேரும்.