கண் நிமிர வேண்டும்: ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளரின் கோடை நாட்குறிப்பு

ஏப்ரல் 24

பெரியகுளத்தை அடுத்த எங்கள் ஊர்ப் பள்ளியின் சிமெண்ட் கோர்ட்டில் இன்று காலை ஆறு மணிக்குக் கோடைப் பயிற்சி தொடங்கியது. பாடம் டிரிப்ளிங், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது. எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பலர் அண்ணன்மாருடைய ஏழாம் எண் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஐந்தாம் எண் பந்தைக் கொடுத்தேன். ஏழாம் எண் பந்தின் சுற்றளவு 75 முதல் 77 செ.மீ., எடை 580 முதல் 620 கிராம். ஐந்தாம் எண் பந்தோ 69 முதல் 71 செ.மீ., 465 முதல் 495 கிராம். எழுதிப் பார்த்தால் சிறிய வித்தியாசம்தான். ஆனால், ஒன்பது வயதுக் குழந்தையின் விரல்கள் பெரிய பந்தின் மேல் போதிய அளவு பரவுவதில்லை. அதனால் அக்குழந்தை உள்ளங்கையால் பந்தை அறையவும், தோளை உயர்த்தி முழுக் கையையும் வீசவும் பழகிவிடுகிறது. பதினைந்து வயதில் அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

"பெரிய பந்துலயே பழகுனா கை பலப்படும்ல, மாஸ்டர்?" என்று ஒரு தந்தை கேட்டார். கையின் பலம் வயதோடு தானாக வந்துவிடும், பந்தின் தொடுவுணர்வு இந்த வயதில் படிந்தால்தான் உண்டு என்று அவரிடம் விளக்கினேன். பிறகு ஒவ்வொரு பந்தையும் தோள் உயரத்திலிருந்து விழவிட்டு, இடுப்பளவுக்கு எழும்புகிறதா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொன்னேன். காற்றுக் குறைந்த பந்தில் பயின்றால் ஓங்கி அடிக்கும் பழக்கமே மிஞ்சும்.

ஏப்ரல் 26

இன்று முழுவதும் நின்ற இடத்திலேயே பயிற்சி. முழங்கால்கள் மடிந்திருக்க வேண்டும். பந்து உடலுக்கு நேர் முன்னால் விழாமல், பாதத்திற்கு வெளிப்புறமாகப் பக்கத்தில் விழ வேண்டும். பந்தைத் தட்டும் கைக்கு எதிர்ப்புறக் கால் சற்று முன்னால் இருக்க வேண்டும். இவற்றைச் சொல்லிப் புரியவைக்க அதிக நேரமாகவில்லை. விரல்களுக்குப் புரியவைப்பதில்தான் காலைப்பொழுது போனது. பந்து மேலெழும்போது விரல்கள் அதைச் சந்தித்து, ஒரு கணம் அதனுடனேயே மேலே சென்று, பிறகு மணிக்கட்டை மடக்கிக் கீழே தள்ள வேண்டும்.

எங்கள் கோர்ட்டில் எப்போதும் மெல்லிய செம்மண் தூசி படிந்திருக்கும். அது பந்தில் ஒட்டிக் கைக்கு வந்துவிடும். பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக நிறுத்திக் கைகளை விரிக்கச் சொன்னேன். சரியாகச் செய்தவர்களின் விரல் சதைகளிலும், விரல்களின் அடியிலுள்ள மேட்டிலும் தூசி அப்பியிருந்தது. உள்ளங்கைக் குழி மட்டும் ஏறத்தாழ சுத்தமாக இருந்தது. கை முழுவதும் சிவந்திருந்த பிள்ளைகள் பக்கத்திலிருந்தவர்களின் கையைப் பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்லாமலேயே மறுபடி பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 30

டிரிப்ளிங் கற்றுக்கொடுப்பதில் நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு இன்று வந்தோம். பந்தைப் பார்த்துக்கொண்டே அழகாகத் தட்டும் குழந்தையை டிரிப்ளிங் தெரிந்த குழந்தை என்று நான் கணக்கில் கொள்வதில்லை. ஆட்டத்தில் பந்தைப் பெற்ற அணிக்குத் தன் பாதியைக் கடக்க 8 விநாடிகளும், கூடையை நோக்கி எறிய 24 விநாடிகளும்தான் உள்ளன. அதற்குள் யார் காலியாக நிற்கிறார், எதிராளி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டிய கண்கள் பந்தின் மேல் ஒட்டிக்கிடந்தால், கை எவ்வளவு தேர்ந்திருந்தும் பயனில்லை.

நான் விரல்களை உயர்த்திக் காட்ட, அவர்கள் தட்டிக்கொண்டே எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் நின்று காட்டினால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொள்கிறார்கள்; ஆகவே கோர்ட்டின் ஓரமாக நடந்துகொண்டே, விரல்களை மாற்றி மாற்றிக் காட்டினேன். பந்துகள் நாலாபுறமும் உருண்டன. அதற்காக யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பந்து காலில் பட்டுப் போன பிறகும் என் கையிலிருந்து பார்வையை எடுக்காமல் "மூணு!" என்று சொன்னாள். பந்தைத் தவறவிட்டாலும் இன்றைய பாடத்தை முதலில் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

மே 3

இடது கை. வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு இன்று வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டேன். இடக்கைப் பழக்கமுள்ள ஒரு சிறுவனுக்கு மட்டும் இதற்கு நேர்மாறு. பல பயிற்சிகளில் இரு கைகளுக்கும் சம நேரம் ஒதுக்குகிறார்கள். அது நியாயமாகத் தோன்றினாலும், பலமான கை வீட்டு முற்றத்திலும் தெருவிலும் தானாகவே பழகிக்கொள்ளும் என்பதால், பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியைப் பலவீனமான கைக்கே தர வேண்டும் என்பது என் கருத்து. ஓரளவு தெரிந்த எந்தத் தடுப்பாளரும் முதலில் கண்டுபிடிப்பது எதிராளிக்கு எந்தக் கை வராது என்பதைத்தான். கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பக்கமாகவே அவரைத் தள்ளிக்கொண்டு போவார்.

மே 7

விடியற்காலையில் கோடை மழை. கோர்ட்டில் தண்ணீர் நின்றதால், பள்ளித் தாழ்வாரத்தில் நின்ற இடப் பயிற்சியை மட்டும் செய்தோம்.

மே 10

இரு வாரங்களாகப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. கைபேசியில் என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் ஆட்டத் துணுக்குகளைப் பார்த்துவிட்டு, பந்தின் அடியில் கையைக் கொடுத்து ஏந்தி, ஒரு நொடி நிறுத்தி, மறுபடி தட்டுகிறார்கள். அது விதிமீறல் என்றும், நம் மாவட்டப் போட்டிகளில் நடுவர் விசில் ஊதிவிடுவார் என்றும் செய்துகாட்டினேன். பந்தைத் தட்டத் தொடங்கும்போது, ஊன்றிய கால் தரையைவிட்டு எழும் முன்பே பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பதையும் மெதுவாக நடந்துகாட்டினேன். சிறுவர் ஆட்டங்களில் டிராவலிங், அதாவது பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி அடியெடுத்து வைக்கும் விதிமீறல், பெரும்பாலும் இந்த முதல் அடியில்தான் நேர்கிறது.

விதிகளைப் பற்றிய பேச்சு வந்ததால் கொஞ்சம் வரலாறும் சொன்னேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது அதில் டிரிப்ளிங் கிடையாது. பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், அதை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பதே அவருடைய 13 விதிகளில் ஒன்று. எறிய வழியின்றி மாட்டிக்கொண்டவர்கள் பந்தை உருட்டியும் தட்டியும் தாங்களே மீண்டும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதிலிருந்துதான் டிரிப்ளிங் பிறந்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார் என்றபோது, அக்கல்லூரி இருக்கும் நந்தனத்தில் சித்தப்பா வீடு உள்ள ஒரு சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால், நான் அவர்கள் மனத்தில் பதியவைக்க விரும்பியது வேறொன்று: பாஸ் கொடுக்க வழியிருந்தால் முதலில் பாஸ், வழி இல்லாதபோது அதை உண்டாக்குவதற்கே டிரிப்ளிங்.

மே 14

கூம்புகளை வரிசையாக வைத்து அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து போகும் பயிற்சியை இன்றோடு குறைத்துக்கொண்டேன். கூம்பு கை நீட்டிப் பந்தைப் பறிக்காது. கூடைக்கு முன்னாலுள்ள 4.9 மீட்டர் அகல, 5.8 மீட்டர் நீளக் கட்டத்துக்குள் பிள்ளைகளைப் பந்தோடு நிறுத்தி, தன் பந்தைக் காத்துக்கொண்டே அடுத்தவர் பந்தைத் தட்டிவிடச் சொன்னேன். கூம்புப் பயிற்சியில் எப்போதும் முதலில் வரும் சிறுவன் இதில் ஆரம்பத்திலேயே வெளியேறினான். அவனுக்கு வேகம் உண்டு, ஆனால் ஒரே வேகம். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, எதிராளிக்குத் தொலைவான கையில் பந்தை வைத்துக்கொண்டு, திடீரென்று மெதுவாகி மறுபடி பாயத் தெரிந்தவர்களே கடைசிவரை நின்றார்கள்.

இதற்குப் பிறகு கிராஸ் ஓவர் சொல்லிக்கொடுப்பது எளிதாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே, தாழ்வாகவும் வேகமாகவும் பந்தைக் கை மாற்ற வேண்டும். தடுப்பாளர் கையெட்டும் தூரத்துக்கு வந்து, ஒரு காலில் எடையைப் போட்ட கணத்தில் மாற்ற வேண்டும். முன்கூட்டியே மாற்றினால் அவரும் நிதானமாகத் திரும்பிக்கொள்வார்.

மே 18

பெரியகுளத்தில் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் பிள்ளைகளை மாலையில் அழைத்துப் போனேன். கூடையில் பந்து விழுவதைப் பார்க்க வேண்டாம், பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணிப் பாதிக்குக் கொண்டுபோகும் பாயிண்ட் கார்டு என்ற ஆட்டக்காரரை மட்டும் பாருங்கள் என்று சொல்லி உட்காரவைத்தேன். இடைவேளையில் கேட்டபோது, அவர் ஒருமுறைகூடக் குனியவில்லை என்றார்கள் சிலர். "நெருக்குனா முன்னாடி முட்டாம, ரெண்டு அடி பின்னாடி வந்துட்டு அப்புறம் போறாரு, மாஸ்டர்" என்றாள் அந்த ஆறாம் வகுப்பு மாணவி. பின்வாங்கும் டிரிப்ளிங்கை நான் இன்னும் கற்றுக்கொடுக்கவே இல்லை. அவள் அதைத் தானாகக் கண்டுகொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

மே 22

மூவருக்கு மூவர் ஆட்டம். ஒருவர் கையில் பந்து இருக்கும்போது மூன்று முறைக்குமேல் தட்டக் கூடாது என்று வரம்பு வைத்தேன். முதலில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு, தட்டத் தொடங்குவதற்கு முன்பே தலையை நிமிர்த்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். சும்மா நின்ற இடத்தில் ஒருமுறை தட்டி அதை வீணாக்கும் பழக்கமும் குறைந்தது. தடுப்பாளர் வலப்பக்கத்தை அடைத்தபோது ஒரு சிறுவன் இடக்கையால் தாண்டிப் போய், கூடைக்கு அருகிலிருந்து போடும் லேஅப் போட்டான். பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது. அவனிடம் அடுத்த முறையும் அதே பக்கம் போகச் சொல்லியிருக்கிறேன். நாளை பின்வாங்கும் டிரிப்ளிங்கைத் தொடங்குகிறோம். அதைச் செய்துகாட்டும் பொறுப்பை அந்த மாணவியிடம் கொடுத்திருக்கிறேன்.