முகம் என்னுடையது, குரல் வேறொருவருடையது

போன சனிக்கிழமை தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்கா மண்டபத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். கூடவே எட்டு வயது மகள். ஒரு கையில் நண்டுப் பை, இன்னொரு கையில் போன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பக்கத் தாளைத் திறந்து காட்டினார். தனுஷ்கோடியில் ஒரு தொடருக்கு ஷூட்டிங்காம், பிள்ளைக்குப் 12 நாள் வேலையாம். "வக்கீலம்மா, நீங்க சின்னப் பிள்ளையில டிவியில வந்தவங்கதானே? இதுல கையெழுத்துப் போடலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

ஆமாம், வந்தவள்தான். ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை.

முழுப்பரீட்சை லீவில் வடபழனிச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வேடம் என்று கூட்டிப் போனார். அந்த ஒரு நாள் மூன்று வருடமாக நீண்டது. மாதத்தில் பத்து நாள் சென்னை. சாயங்காலம் மண்டபம் ஸ்டேஷனில் ஏறினால் விடிந்ததும் எழும்பூர். அப்போது மீட்டர் கேஜ் ரயில்தான், ஆட்டம் தாங்காமல் அம்மாவுக்கு வாந்தி வரும். பள்ளியில் வகுத்தல் கணக்கு நடத்திய வாரம் முழுக்க நான் சாலிகிராமத்தில் ஒரு பங்களாவில் இருந்தேன். ஏழாம் வகுப்பு வரை எனக்கு வகுத்தல் வரவே இல்லை.

தொடரில் என் குரலே கிடையாது. செட்டில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தைப் படிப்பார், கேட்டுக் கேட்டு வாயசைப்பேன். அப்புறம் டப்பிங்கில் ஒரு பெரிய அக்கா குழந்தைக் குரலில் பேசுவார். டிவி முன்னால் உட்கார்ந்து, "மூஞ்சி நம்ம பிள்ளை மூஞ்சி, பேசுறது யாருடி?" என்று அப்பத்தா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

எட்டு வயதில் ஒரு அழுகைக் காட்சி. கிளிசரின் போட்டுப் போட்டுக் கண் சிவந்து எரிந்ததே தவிர, அவர்கள் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. செட்டில் ஒருவர் என் பக்கத்தில் குனிந்து, "அம்மா உன்னை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க" என்றார். சுற்றிப் பார்த்தேன், அம்மாவைக் காணோம். அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முடிந்ததும் எல்லோரும் கைதட்டியது நினைவிருக்கிறது. ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து தூக்கினாள். அன்று ராத்திரி ரயிலில் அவள் சேலை முந்தானையை என் விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினேன்.

தொடர் திடீரென்று நின்றது. கடைசி நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. அப்பா மூன்று முறை சென்னைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

மதுரையில் சட்டம் படிக்கும்போது ஒப்பந்தச் சட்ட வகுப்பில் மொஹோரி பீபி வழக்கு வந்தது. கல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் என்ற மைனர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். மைனர் போடும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903ல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அதாவது அன்றைக்கு நமக்கு உச்ச நீதிமன்றம், தீர்ப்புச் சொன்னது. மற்றவர்களுக்கு அது பரீட்சைக்கு வரும் வழக்கு. நான் அன்று ராத்திரியே ஹாஸ்டலிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்து, எனக்காக எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். "அவங்க நீட்டுன தாள்ல எல்லாம் போட்டேன்மா" என்றார். ஒரு நகல் கூட வீட்டில் இல்லை. அப்பாமேல் எனக்குக் கோபம் கிடையாது. வந்த பணத்தில்தான் எங்கள் வீட்டுக் கூரை ஓட்டிலிருந்து கான்கிரீட் ஆனது, அந்தக் கூரையின் கீழேதான் படித்தேன்.

நான் நடித்த காலத்தில் இருந்தது 1986ஆம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டம். தடை செய்த வேலைகளின் பட்டியலில் நடிப்பு இல்லை, நடிக்கும் குழந்தைக்கென்று தனியாக ஒரு வரியும் இல்லை. அமெரிக்காவில் சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் வளர்ந்து பார்த்தபோது சம்பாதித்தது எல்லாம் கரைந்திருந்தது. அவர் வழக்குப் போட்ட பிறகு 1939லேயே கலிபோர்னியாவில் நடிக்கும் குழந்தையின் சம்பளத்தைக் காப்பாற்றச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 2016ல் சட்டத்தைத் திருத்தி, 2017ல் விதிகள் வந்தன.

அந்த விதிகளைத்தான் அக்காவுக்குச் சொன்னேன். ஷூட்டிங் தனுஷ்கோடியில் நடப்பதால் நம் ராமநாதபுரம் கலெக்டரிடம் கம்பெனி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது, ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. படிப்பு கெடக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமான வங்கியில் பிள்ளை பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும், மேஜர் ஆன பிறகு அது அவள் கைக்கு வரும். வாட்ஸ்அப் தாளில் இவற்றில் ஒன்று கூட இல்லை. சம்பளம் எந்தத் தேதிக்குள் வரும் என்பதும் இல்லை. "அப்போ போட வேணாமா?" என்றார் அக்கா. "இந்தத் தாளில் போடாதீங்க. நான் ஒரு கடிதம் எழுதித் தர்றேன், அதுக்கு அவங்க ஒத்துக்கிட்டா போடுங்க" என்றேன்.

என் வேலையில் இப்படி ஒரு கேள்வி எப்போதாவதுதான் வரும். மற்ற நாளெல்லாம் தடையை மீறிக் கடல் அட்டை பிடித்த வழக்கு, ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு. கோர்ட்டில் நிற்கும்போது பழைய நடிப்பு கைகொடுக்குமே என்று நிறைய பேர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. செட்டில் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க ஒருவர் இருந்தார். முதன்முதலாக கடல்பாசி எடுக்கும் ஒரு பாட்டிக்காக மாஜிஸ்திரேட் முன்னால் எழுந்து நின்றபோது யாருமே எடுத்துக் கொடுக்கவில்லை. தொண்டை கரகரத்தது, ஆனாலும் அது என் குரல். வெளியே வந்ததும் பாட்டி என் கன்னத்தைத் தடவி, "நல்லாப் பேசுன தாயி" என்றாள். அதுவரை வாங்கிய எந்தக் கைதட்டலும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அந்த விதிகளில் இன்னொரு வரி உண்டு. குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக அதை நடிக்க வைக்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். மூன்று வருடத்தில் என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை. அதனால் அக்காவை நண்டு கழுவ அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து, "உனக்கு நடிக்கப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "நடிக்கிறேன். ஆனா கடல்ல முங்குற சீன் இருக்காம். எனக்கு நீச்சல் தெரியும்னு அம்மா அவங்ககிட்ட சொல்லிருச்சு. எனக்குத் தெரியாது."

கடிதத்தில் முதல் நிபந்தனையாக அதைத்தான் எழுதினேன். சம்பளம், வங்கி, கலெக்டர் அனுமதி எல்லாம் அதற்குக் கீழே. எழுதி முடித்ததும் பிள்ளைக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். "என் பேருல இன்னொரு 'மீ' இருக்கு" என்று ஒரு திருத்தம் சொன்னாள். திருத்திக் கொடுத்தேன். கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.