சேதுவுக்குக் காவல் இருந்தவர்கள்

அப்பாவின் திதியை இந்த முறை ராமேஸ்வரத்தில் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். காலையில் கிளம்பி மறுநாள் திரும்பிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அம்மா ஒப்பவில்லை. "சேது யாத்திரைக்குன்னு ஒரு வரிசை இருக்குப்பா. முதல்ல உப்பூர் பிள்ளையார், அப்புறம் தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை. அதுக்கப்புறம்தான் ராமேஸ்வரம்."

அந்த வரிசை அவளுக்கு அவள் பாட்டியிடமிருந்து வந்தது. பாட்டி சிறு பெண்ணாக இருந்தபோது வீட்டாரோடு மாட்டு வண்டியில் போனவர். பாம்பன் ரயில் பாலம் 1914-ல்தான் வந்தது. அதற்கு முன் மண்டபத்தில் இறங்கித் தோணி ஏற வேண்டும். வழியெல்லாம் சத்திரத்தில் படுக்கை, சத்திரத்தில் சாப்பாடு. "சேதுபதி சோறு சாப்பிட்டுக்கிட்டே போனோம்" என்று பாட்டி சொல்வாராம். அந்த ஒரு வாக்கியம் சின்ன வயதிலிருந்தே என் மனதில் கிடந்தது. யார் அந்தச் சேதுபதி, ஏன் முன்பின் தெரியாத எங்கள் வீட்டுக்காரர்களுக்குச் சோறு போட்டார்?

அறந்தாங்கியிலிருந்து விடியற்காலையில் கார் எடுத்தோம். மீமிசல், தொண்டி தாண்டி உப்பூர். வெயிலுகந்த விநாயகர். தலைக்குமேல் கூரை கிடையாது, சூரியன் நேரே அவர்மேல் விழுகிறது. அம்மா தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்ந்தபோது சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தேன்: இராமநாதபுரம் சமஸ்தானம் தேவஸ்தானம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வந்து கரையேறினோம். ராமர் இலங்கைக்குக் கிளம்பும் முன் மணலில் பிடித்து வைத்த நவக்கிரகங்கள் இவை என்பது ஐதீகம். பிறகு திருப்புல்லாணியிலும் அதே பெயர்தான். சமஸ்தானம் போய் எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோயில்களின் நிர்வாகம் மட்டும் அந்தப் பெயரிலேயே இன்னும் இருக்கிறது.

மத்தியானம் நடை சாத்தும் நேரம் என்பதால் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போனோம். ராமலிங்க விலாசம் என்கிற தர்பார் மண்டபத்தின் உள்ளே நுழைந்ததும் வெயில் மறந்துபோகிறது. சுவர், தூண், விதானம் என்று ஒரு கை அகலம் மிச்சமில்லாமல் ஓவியம். ராமாயணம் ஒரு பக்கம், பாகவதம் ஒரு பக்கம், தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம். அம்மா ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். ராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையாலேயே சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். "ராஜாவே கைகட்டி வாங்கிக்கிற மாதிரி நிக்கிறாரு பாரு" என்றாள்.

இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தப் படமே போதுமானதாக இருந்தது. மற்ற அரசர்கள் தாங்கள் ஆண்ட மண்ணை வைத்துப் பெயர் சூடிக்கொண்டார்கள். இவர்கள் சூடிக்கொண்டது ஒரு வழியின் பெயர். சேதுவுக்குப் பதி, அதாவது ராமர் கட்டிய அணைக்குக் காவல்காரர். ராமரே தங்கள் முன்னோரை இந்தக் காவலில் வைத்துவிட்டுப் போனார் என்பது மறவர் சீமையின் இந்தக் குலத்தார் வழிவழியாகச் சொல்லி வரும் மரபு. ஏட்டில் தெளிவாகத் தெரிகிற காலம் 1605 வாக்கில் தொடங்குகிறது. அப்போது சேதுவுக்குப் போகும் யாத்ரீகர்களுக்கு வழிப்பறி பயம் அதிகம். மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், போகலூரில் இருந்த சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்று, வழியைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்தார். முதல் வேலையே யாத்ரீகன் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அதே நூற்றாண்டின் நடுவில் மூக்கறுப்புப் போர். மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டு வந்தபோது திருமலை நாயக்கர் நோயில் படுத்திருந்தார். ரகுநாத சேதுபதி படையோடு போய் அவர்களை விரட்டினார். நாயக்கர் மனம் நெகிழ்ந்து தன் பெயரையே கொடுத்தார், அதனால் அவர் திருமலை சேதுபதி ஆனார். மதுரையில் நடப்பது போலவே நவராத்திரி கொண்டாடும் உரிமையும் அப்போது கிடைத்தது என்கிறார்கள். அரண்மனைக்குள் இருக்கும் ராஜராஜேஸ்வரி சன்னிதியில் இன்றும் நவராத்திரிதான் பெரிய விழா.

போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர் கிழவன் சேதுபதி. மதுரையின் பிடியிலிருந்து விலகித் தனியாக நின்றவரும் அவர்தான். கீழக்கரை சீதக்காதி மரைக்காயர் அவருக்கு உற்ற நண்பர். அதே சமயம் 1693-ல் ஓரியூரில் அருளானந்தர் என்கிற போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோவின் தலையை வெட்டியது இவருடைய ஆட்சியில்தான். 1710-ல் கிழவன் இறந்தபோது 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக அக்காலப் பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்கிறது. சாமி காரியம் செய்த குடும்பம் என்பதற்காக இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த விலாசத்தின் குளிர்ச்சியில் நின்றுகொண்டு 47 என்ற எண்ணை நினைத்தபோது தொண்டை அடைத்தது.

திருப்புல்லாணியில் தர்ப்பையில் சயனித்திருக்கும் ராமரை அம்மா கண் எடுக்காமல் பார்த்தாள். கடலரசன் வழிவிட வேண்டும் என்று ராமர் காத்துக் கிடந்த இடம். பாயசப் பிரசாதம் வாங்கிக்கொண்டு, சேதுக்கரையில் கடலைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு, இரவு ராமநாதபுரத்தில் தங்கினோம்.

மறுநாள் மதியத்துக்குமேல் ராமேஸ்வரம் சாலை. இந்தச் சாலையில் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் போதும், வரலாறு தானாக வரும். பிள்ளைமடம். மண்டபம். பாலம் தாண்டினால் அக்காள்மடம். அடுத்தது தங்கச்சிமடம். எல்லாம் வழிப்போக்கர் தங்கிய இடங்கள், அவையே ஊராகிவிட்டன.

கடைசி இரண்டு பெயருக்கும் இந்தத் தீவில் ஒரு கதை சொல்வார்கள். கிழவனுக்கு அடுத்துப் பட்டத்துக்கு வந்த விஜயரகுநாத சேதுபதி, தன் இரண்டு பெண்களையும் தண்டத்தேவர் என்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். தீவின் நிர்வாகமும் மருமகன் கையில். அவர் பாம்பன் கடக்கும் யாத்ரீகர்களிடம் வரி வாங்க ஆரம்பித்தார். விஷயம் சேதுபதி காதுக்குப் போனது. ராமநாதசாமியைப் பார்க்க வருகிறவனிடம் காசு பிடுங்குவது சிவத்துரோகம், தண்டனை மரணம் என்று தீர்ப்பானது. மருமகன் என்று பார்க்கவில்லை. இரண்டு பெண்களும் புருஷனோடு தீயில் இறங்கிவிட்டார்கள். அக்கா இறந்த இடத்தில் ஒரு மடம், தங்கை இறந்த இடத்தில் ஒரு மடம்.

தீர்ப்பின் பெருமையைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பாதியில் அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணுங்க என்னப்பா பண்ணுச்சு?" எனக்குப் பதில் வரவில்லை. தங்கச்சிமடத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். காரை நிறுத்தச் சொல்லி அம்மா இரண்டு முழம் மல்லிகை வாங்கிக் கிழக்கே பார்த்து ஒரு வேலியோரம் வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் கோயில். கிழக்கே நிமிர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் தளவாய் சேதுபதி. பாதியில் நின்று, தலைமுறைகள் கடந்து தேவகோட்டை நகரத்தார் கையால் முடிந்தது. உள்ளே மூன்றாம் பிரகாரம். 1212 தூண் என்று கோயிலில் சொல்கிற கணக்கு. எண்ணிப் பார்க்கத் தோன்றாது. கண் தூரத்துக்குப் போகப் போகத் தூண்கள் ஒன்றை ஒன்று நெருங்கி, கடைசியில் ஒரு சின்ன வெளிச்சம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று நடந்தேன். ஈரப் புடவையோடு வடநாட்டுப் பெண்கள் கூட்டமாக எதிரே வந்தார்கள். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டு வந்தவர்கள்.

மேற்குப் பக்கம் வந்ததும் அம்மா நின்றாள். கல்லில் ஒரு ராஜா கைகூப்பி நிற்கிறார், கூடவே அவருடைய இரண்டு மந்திரிகள். முத்துராமலிங்க சேதுபதி. இவ்வளவு பெரிய பிரகாரம் நிறைவடைந்தது இவர் பெயரால். 1762-ல் பட்டம் கட்டியபோது இவர் குழந்தை. தாயார் முத்துத் திருவாயி நாச்சியாரும் பிரதானிகளும்தான் சீமையை நடத்தினார்கள். 1772-ல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் கோட்டையைப் பிடித்தன. சிறுவனைத் திருச்சிக்கு எடுத்துப்போய்ச் சிறை வைத்தார்கள். 1781-ல் திரும்பி வந்து ஆண்டார். கம்பெனியின் ஜவுளி வியாபாரத்துக்கு வளைந்துகொடுக்காததால் 1795-ல் மறுபடி பதவியைப் பறித்துச் சிறையில் போட்டார்கள். இந்த முறை அவர் திரும்பவில்லை. 1809-ல் சென்னைக் கோட்டையில் காவலில் இருந்தபடியே இறந்தார். அதற்குள், 1803-ல், சீமை ஜமீனாகச் சுருங்கி அவருடைய அக்கா மங்களேஸ்வரி நாச்சியார் பெயருக்குப் போயிருந்தது.

உலகமே வந்து சுற்றுகிற பிரகாரத்துக்குப் பெயர் கொடுத்தவருக்குக் கடைசி வருடங்களில் நடக்கக் கிடைத்தது ஒரு சிறைக் கூடம். நான் சொல்லி முடித்ததும் அம்மா அந்தக் கல் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவருக்குப் பிந்தியவர்களில் என் மனம் பாஸ்கர சேதுபதியிடம்தான் நிற்கிறது. விவேகானந்தரைச் சிகாகோ போகத் தூண்டி உதவியவர்களில் ஒருவர். 1897 ஜனவரி 26-ல் சுவாமி பாம்பனில் வந்து இறங்கியபோது, வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டு ராஜாவே இழுத்தார். இந்தக் கோயிலில்தான் சுவாமி, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே பூஜை என்று பேசினார். மறுநாளே ராஜா ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். கொடுத்துக் கொடுத்துக் கடனில் மூழ்கி, 1903-ல் முப்பத்தைந்து வயதிலேயே போய்ச் சேர்ந்தார். 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது துணை நின்றவரும் அவரே. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1949-ல் சீமை அரசாங்கத்துக்குப் போனது. பாட்டி சாப்பிட்ட சேதுபதி சோறும் அதோடு கதையாகிவிட்டது.

மூன்றாம் நாள் விடியும் முன்பே அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்தோம். அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, முப்பாட்டனுக்கு என்று பிண்டம் வைத்து எள்ளும் தண்ணீரும் விட்டேன். பெயர் மறந்துபோன முன்னோருக்கும் விட்டேன். எழுந்திருக்கப் போகும்போது அம்மா புரோகிதரிடம் மெதுவாகக் கேட்டாள்:

"சாமி, நம்ம குடும்பத்துல இல்லாதவங்களுக்கும் விடலாங்களா?"

"தாராளமா விடலாம்மா. கேட்பார் இல்லாதவங்களுக்குன்னு கடைசியில ஒண்ணு இருக்கே. யாருக்கு விடணும்?"

"பேர் தெரியாதுங்க. அக்கா, தங்கச்சி ரெண்டு பேரு. அப்புறம் ஜெயில்ல செத்துப்போன ஒரு ராஜா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தர்ப்பையைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். பஞ்சபாத்திரத்தில் இருந்த தண்ணீரை என் கையில் ஊற்றினார். மூன்று முறை விட்டேன். அம்மா தன் ஈர விரலால் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கடைசி எள்ளையும் தள்ளிவிட்டு, "சரி, வா. தீர்த்தம் ஆடப் போகலாம்" என்றாள்.