ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கினால்

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போகிறவர்களில் பாதிப்பேர் ஏரி, படகு, லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி என்று முடித்துக்கொண்டு அன்று மாலையே சேலம் திரும்பிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் ராத்திரி தங்கினால்தான் அட்லஸ் அந்துப்பூச்சி கண்ணில் பட வாய்ப்பு.

நாங்கள் தங்கியது காபித் தோட்டத்தை ஒட்டிய வீடு. விடிகாலையில் வாசல் விளக்குக்குக் கீழே, வெள்ளைச் சுவரில் செங்காவி நிறத்தில் விரிந்து கிடந்தது. இறக்கைகளின் அகலம் 20 சென்டிமீட்டருக்குக் குறையாது. ஒவ்வொரு இறக்கையிலும் செதிலே இல்லாத முக்கோணத் திட்டு. அதன் வழியே சுவர் தெரிந்தது. முன்னிறக்கை நுனி பாம்புத் தலைபோல இருப்பது பறவைகளை மிரட்டத்தான் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கவாட்டில் வந்து பார்த்த தங்கைதான் இரண்டடி பின்வாங்கினாள்.

"தொடாதீங்க தம்பி, மாவு உதிர்ந்துரும்" என்றார் தோட்டத்துப் பெரியவர். "கொய்யா மரத்துல வெள்ளை மாவு பூசுன மாதிரி தடிப்புழு கெடக்குமே, அதுதானுங்க இது."

அந்தப் புழுப் பருவத்தில் தின்றதுதான் கணக்கு. பூச்சியான பிறகு சாப்பிட வாயே கிடையாது. சேர்த்துவைத்த கொழுப்பை வைத்து ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். பெண் பூச்சி கூட்டை விட்டு அதிக தூரம் போகாமல் உட்கார்ந்து ராத்திரியில் வாசனையை விடும். ஆண் தன் அகன்ற இறகு உணர்கொம்பால் அதைத் தொலைவிலிருந்தே பிடித்துத் தேடி வரும். இருப்பதே அந்தக் கொழுப்புதான் என்னும்போது அதை பல்பைச் சுற்றியே தீர்த்துவிட்டால்? மறுநாள் ராத்திரி வாசல் விளக்கை அணைக்கச் சொன்னோம். பக்கத்து அறைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், சரி, பரவாயில்லை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளதை அட்டகஸ் டாப்ரோபானிஸ் என்று தனி இனமாகவே பிரிக்கிறார்கள். டசர், முகா, எரிப் பட்டுப்பூச்சிகளெல்லாம் இதே குடும்பம்தான். எரிப் புழு ஆமணக்கு இலையோடு மரவள்ளி இலையும் தின்னும். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலத்தில் மரவள்ளிக்கா பஞ்சம்! எரிப் புழுவின் கூட்டில் ஒரு முனை திறந்தே இருப்பதால், பூச்சி தானாக வெளியேறிய பிறகும் நூல் நூற்கலாம்.

பார்க்க நினைப்பவர்கள் வெளிச்சம் வருமுன்பே எழுந்து சுவர்களைப் பாருங்கள். காக்கைகளும் அதே நேரத்துக்குத்தான் வருகின்றன.