92 வயதில் வந்த தீர்ப்பு

நேற்று தேக்கா உணவங்காடியில், கூட வேலை பார்க்கும் கம்போடிய அக்கா ஒரு படம் காட்டினார். ஓரம் கிழிந்த கறுப்பு வெள்ளைப் படம், அவருடைய தாத்தா. 1977இல் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவே இல்லை.

அப்போது கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கூட்டத்தின் ஆட்சியில் மாண்டவர்கள் சுமார் 17 லட்சம் பேர். அதன் தலைவன் போல் பாட் 1998இல், சர்வதேச நீதிமன்றம் எதையும் பார்க்காமலே செத்தான். அவனுக்கு அடுத்த இடத்தில் இருந்த நுவோன் சியா இனப்படுகொலைக் குற்றவாளி என்று 2018இல்தான் தீர்ப்பு வந்தது. வயது 92.

"கிழவனைத் தண்டித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. தீர்ப்பைக் கேட்ட அன்று அக்காவின் அம்மா இந்தப் படத்தைத் துடைத்து, கையிலேயே வைத்திருந்தாராம்.

என் தாத்தாவும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பல்லாயிரம் தொழிலாளர்களைச் சாகடித்துப் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போனவர். அவர் பெயரை எந்த நீதிமன்றத்திலும் யாரும் வாசித்ததில்லை.