டிசம்பர் 11 வரை

அக்டோபர் 3, 2025

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன். கவுண்டர் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "டிசம்பர் 11 வரைக்கும்தான் தர முடியும், பரவாயில்லையா?" என்றார். என் வீட்டுக்காரருக்கு 2027 ஆகஸ்ட் 14 வரை இருக்கிறது. ஒரே விமானத்தில் வந்தோம், ஒரே அதிகாரி முன்னால் நின்றோம். இவருக்கு 797-இல், அதாவது வேலை விசாவுக்கு ஒப்புதல் தந்த கடிதத்தில், உள்ள தேதி. எனக்குப் பழைய பாஸ்போர்ட் முடிகிற தேதி. புது பாஸ்போர்ட் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, ஆனால் அது ஐ-94க்கு, அமெரிக்காவுக்குள் வரும்போது எதுவரை தங்கலாம் என்று போடும் பதிவுக்கு, தெரியாது.

பாப்பாவுக்கு அமெரிக்காவின் நீல பாஸ்போர்ட். அவளுக்குத் தேதியே கிடையாது.

அக்டோபர் 4

இடது கடைவாய்ப் பல் மறுபடியும்.

அக்டோபர் 8

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற, ஐ-94 திருத்துகிற அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். தப்பாகப் போட்டிருந்தால் திருத்தித் தருவோம், இதில் தப்பே இல்லை, பாஸ்போர்ட்டுக்கு உயிர் இருக்கும் வரைதான் அனுமதி கொடுக்க முடியும் என்றார். விதிப்படி சரிதான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

வக்கீல் இரண்டு வழி சொல்கிறார். 539, அதாவது தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பம், போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். அல்லது ஒருமுறை வெளியே போய், புது பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே வரலாம். 539 போட்டால் டிசம்பருக்குப் பிறகும் இங்கே இருப்பதில் சட்டச் சிக்கல் இல்லையாம். பதில் எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. அதுவரை லைசென்ஸ்? ரசீதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள் என்கிறார். சான் அன்டோனியோவில் கார் இல்லாமல் பாப்பாவை எப்படிப் பள்ளியில் விடுவது என்பதெல்லாம் அவர் மணிக்கணக்கு ஃபீஸுக்குள் வராது போலிருக்கிறது.

அக்டோபர் 9

இவர் 539 கட்சி. நான் பாலத்துக் கட்சி. மெக்சிகோ எல்லைப் பாலம் இருக்கிற லாரெடோ இரண்டரை மணி நேரம்தான். பழைய பாஸ்போர்ட்டில் விசா செல்லுபடியாகத்தான் இருக்கிறது. அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டாம். நடந்து போய் நடந்தே வந்துவிடலாம்.

இவர் அமெரிக்க வெளியுறவுத் துறைப் பக்கத்தைத் திறந்து காட்டினார். தமௌலிபாஸ் மாநிலம், நான்காம் நிலை, பயணம் செய்யாதீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நுவெவோ லாரெடோ அந்த மாநிலத்தில்தான் வருகிறது.

பாலம் தாண்டிப் பத்தடி, அவ்வளவுதானே என்றேன். பேசவில்லை. பாத்திரம் மட்டும் சத்தமாகக் கழுவினார்.

அக்டோபர் 14

இவர் கம்பெனியில் வியாழக்கிழமை மீட்டிங் இந்த வாரம் இல்லையாம். இல்லை என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

அரசு முடக்கத்தில் தொழிலாளர் துறையின் தளமே திறப்பதில்லை. எங்கள் பெர்ம், கிரீன் கார்டுக்கான முதல் படி, எங்கே நிற்கிறது என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. பெர்ம் முடிந்து அடுத்த படியான 140 வந்தால்தான் எனக்கு வேலை அட்டை. சென்னையில் என் கீழே எட்டுப் பேர் இருந்தார்கள். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அக்டோபர் 20

தீபாவளி. நாலரைக்கே எழுந்து எண்ணெய் வைத்து, பாப்பாவை அரைத் தூக்கத்தில் குளிப்பாட்டி, பள்ளிக்கும் அனுப்பியாகிவிட்டது. முறுக்கு போன வாரமே சுட்டது. கடிக்க முடியவில்லை, வலது பக்கத்தில் மெதுவாக ஊறவைத்துத் தின்றேன்.

சாயங்காலம் இவர் ஃபோனும் கையுமாக ஓடி வந்தார். புது எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்குப் போட்ட அந்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்துக்கு இன்றைக்குத்தான் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு நீட்டிப்பு கேட்பவர்களுக்கு அது கிடையாது. செப்டம்பரில் அறிவிப்பு வந்த அன்று, ஏறின விமானத்திலிருந்து இறங்கி ஓடினார்களே, அவர்களை நினைத்துக்கொண்டேன். இவர் வாட்ஸாப்பில் ஒவ்வொரு குழுவாகப் போட்டுக்கொண்டிருந்தார். தீபாவளி வாழ்த்து ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

இன்று நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று பாலத்தைப் பற்றி மறுபடி எடுத்தேன். சரி என்றுவிட்டார்.

அக்டோபர் 24

இவரும் கூட வர வேண்டுமா என்று வக்கீலிடம் கேட்டோம். வேண்டாம் என்றார். கம்பெனியில் ஆள் குறைப்புப் பேச்சு இருக்கும்போது இவர் எதற்கு வீணாக ஒரு அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும்? விசா இவருடையது, நான் அதன் நிழலில் இருப்பவள். மூலவர் கருவறையிலேயே இருக்கட்டும், உற்சவர் மட்டும் போய் எல்லையைச் சுற்றி வரட்டும் என்றேன். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "மாப்பிள்ளை இல்லாம நீ மட்டும் தனியாவா?" என்றாள்.

ஃபைல் போட்டேன். 797, இவருடைய சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், இவருடைய பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ். இத்தனையும் அடுக்கிப் பார்த்தால் என்னைப் பற்றி இருப்பது என் பாஸ்போர்ட்டும் அந்தச் சான்றிதழில் பாதியும்தான். அதிலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் 'வை.' என்று இனிஷியலோடு விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. கேட்டால் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். பொய் சொல்கிறவள் மாதிரியே இருந்தது.

அக்டோபர் 30

மேல் மாடித் தெலுங்குப் பெண் அழுதாள். வேலை அட்டை புதுப்பிக்க விண்ணப்பித்தால், பதில் வரும் வரை பழையது தானாக நீளும் என்று இருந்தது. இன்றிலிருந்து போடுபவர்களுக்கு அது கிடையாது. அவளுடைய ஃபைல் இன்னும் வக்கீல் மேஜையில் இருக்கிறது. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அட்டையே இல்லாத நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2

வேலை போனால் இங்கே இருக்க 60 நாள். இவருக்கு 60 என்றால் எனக்கும் 60. ஆனால் என் ஐ-94 அதற்கு முன்னால் முடிந்தால் எனக்கு அதுவரைதான். இன்று போனால் எனக்கு 39. தூக்கம் வராமல் விரல் விட்டு எண்ணினேன், கணக்கு மாறவில்லை.

நவம்பர் 7

ஐ-94க்கு ஆன்லைனில் முப்பது டாலர் கட்டியாகிவிட்டது. முன்பு ஆறுதான். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பாப்பாவுக்குத் தயிர் சாதம்.

நவம்பர் 8

ஐந்தரைக்குக் கிளம்பினோம். 35-ஆம் நெடுஞ்சாலையில் கொட்டுல்லா தாண்டியதும் வெறும் புதரும் லாரியும்தான். பேச்சே இல்லை. பாப்பா மட்டும் மெக்சிகோவில் ஐஸ்கிரீம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

சான் அகுஸ்தின் தேவாலயத்துக்கு எதிரே இருக்கிற பூங்காவில் இவரையும் பாப்பாவையும் உட்கார வைத்துவிட்டுப் போனேன். பாலம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். சில்லறை கட்டிவிட்டு ஏறினால், நடைபாதை முழுக்கப் பை சுமந்த பெண்கள். வாரச் சந்தைக்குப் போகிற நடை. பயந்துகொண்டு போனவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். கீழே ரியோ கிராண்டே, கலங்கல் பச்சை. இவ்வளவு சின்ன ஆறா என்று இருந்தது. முசிறிப் பாலத்திலிருந்து காவிரியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு ஆறா?

அந்தப் பக்கத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், முத்திரை வைத்தார்கள். நான் ஊருக்குள் போகவில்லை. வாசலில் ஒரு அம்மா விற்ற நிலக்கடலை மிட்டாயைப் பாப்பாவுக்கு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வரும்போதுதான் வரிசை. என் முறை வந்ததும் இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். உள்ளே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஃபோன் எடுக்கக் கூடாது. எதிர் நாற்காலியில் ஒரு கிழவர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். டிசம்பர் 11 என்றே மறுபடியும் போட்டுவிட்டால்? உள்ளேயே விடாவிட்டால்? பாப்பாவும் இவரும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், கையில் மிட்டாய்.

"வைத்தியலிங்கம்!"

அவர் வாயில் அது எப்படியோ வந்தது. ஒரு நொடி அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

கணவர் எந்தக் கம்பெனி? என்ன வேலை? எத்தனை வருஷமாக? இப்போது எங்கே இருக்கிறார்? பூங்காவில் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். மகளோடு என்றேன். ஏன் மெக்சிகோ போனீர்கள் என்றதும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது, புது பாஸ்போர்ட்டுக்காக என்று உண்மையைச் சொன்னேன். தலையை ஆட்டினார், தினமும் கேட்கிற பதில் போல. திருமணச் சான்றிதழை அவர் கேட்கவே இல்லை.

2027 ஆகஸ்ட் 14.

பூங்காவுக்கு வரும்போது இவர் முகம் வெளிறிக் கிடந்தது. பாப்பா மிட்டாயை வாங்கிக்கொண்டு, இது ஐஸ்கிரீம் இல்லையே என்றாள்.

திரும்பும் வழியில் லாரெடோ தாண்டி எல்லைக் காவல் சோதனைச் சாவடி. எல்லாரும் குடிமக்களா என்று கேட்டார்கள். பின்னால் இருப்பவள் மட்டும் என்றார் இவர். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 9

நாள் முழுக்கத் தூக்கம். எலுமிச்சை சாதம் மிச்சம் இருந்தது, அதுவே இரவுக்கும்.

நவம்பர் 12

லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. அதே கவுண்டர், அதே அம்மா. என்னை ஞாபகம் இல்லை.

நவம்பர் 14

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் கட்டாயம் மீட்டிங்கில் இருக்க வேண்டும் என்று கம்பெனியிலிருந்து இவருக்கு மெயில். காரணம் போடவில்லை.

பல் டாக்டரிடம் அடுத்த வியாழனுக்கு நேரம் வாங்கியிருந்தேன். ஃபோன் செய்து திங்கட்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள் அந்தப் பெண். ஆமாம் என்றேன். இன்சூரன்ஸ் கணவர் பெயரில்தானே என்றாள். ஆமாம், திங்கட்கிழமையே போடுங்கள் என்றேன்.