எலெக்டிவ் ஃபாரத்தில் டிக் போடும் முன்

பி.எஸ்ஸி. பிசிக்ஸில் முதல் இரண்டு வருடம் யோசிக்க ஒன்றுமில்லை. தமிழ், ஆங்கிலம், அலைடு மேத்ஸ், அலைடு கெமிஸ்ட்ரி என்று எல்லாம் அவர்களே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நான் மாட்டிக்கொண்டது மூன்றாம் வருடம்.

ஐந்தாம் செமஸ்டர் எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் பாடம்) ஃபாரத்தில் நியூமெரிக்கல் மெத்தட்ஸுக்கு டிக் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நோட்டீஸ் போர்டில் என் பெயர் மெடிக்கல் பிசிக்ஸ் பட்டியலில். கேட்டதற்கு, "ஏழு பேர்தாம்ப்பா கேட்டிருக்கீங்க, 15 பேர் இல்லாம கிளாஸ் எடுக்க முடியாது" என்றார்கள். ஃபாரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. தெரிந்திருந்தால் கடைசி பெஞ்சில் எட்டுப் பேரைப் பிடித்திருக்க மாட்டேனா? நீங்கள் முதலில் ஆள் சேருங்கள், டிக் அப்புறம்.

அடுத்த தலைவலி ஜாம், அதாவது ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் நுழைவுத் தேர்வு. தேர்வு பிப்ரவரியில். எங்கள் சிலபஸில் குவாண்டம் மெக்கானிக்ஸ் வருவதோ ஆறாம் செமஸ்டரில். பெட்டிக்குள் துகள், ஸ்டெப் பொட்டென்ஷியல் என்று குவாண்டம் பகுதிகள் ஜாம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பிப்ரவரியில் எங்கள் வகுப்பு காம்ப்டன் விளைவைக்கூடத் தாண்டியிருக்காது. இரண்டு சிலபஸையும் முதல் வருடமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் ஜூலையில், ஐ.ஐ.டி.கள் ஆன்லைனில் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல்.-இல் குவாண்டம் கோர்ஸ் சேர்ந்தேன், 12 வாரம். சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய். 12 அசைன்மென்ட்டில் சிறந்த எட்டுதான் கணக்கு, ஆகவே கல்லூரி இன்டர்னல் தேர்வு வாரத்தில் ஒன்றிரண்டு விட்டால் பதற வேண்டாம். 61 வாங்கினேன், சான்றிதழில் 'எலைட்' என்று வந்தது. ஆறாம் செமஸ்டர் எலெக்டிவுக்குப் பதிலாக இந்தச் சான்றிதழையே காட்டிவிடலாம் என்று சீனியர் அண்ணா ஒருவர் சொல்லியிருந்தார்.

ஸ்டடி லீவில் இரண்டு பஸ் மாறி தேர்வுப் பிரிவுக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேருறதுக்கு முன்னாடி வாங்கின அனுமதிக் கடிதம் எங்க?" என்றார். "இப்ப வாங்கிட்டு வரட்டுமா சார்?" "இப்ப தேதி போட்டு என்ன பண்றது?" எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அன்று லீவு. மறுநாள் மறுபடி இரண்டு பஸ். எச்.ஓ.டி. மேம் பரிந்து பேசியும் நடக்கவில்லை. ஆறாம் செமஸ்டர் எலெக்டிவையும் சேர்த்தே எழுதினேன்.

சேரும் முன்பே கோர்ஸ் பெயர், எத்தனை வாரம், எந்தப் பேப்பருக்குப் பதில் என்று எழுதி, எச்.ஓ.டி. கையெழுத்தோடு தேர்வுப் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை செல்லாது.

படித்தது மட்டும் வீண் போகவில்லை. ஜாமில் குவாண்டம் கேள்வி எதையும் தொடாமல் விடவில்லை. மார்ச்சில் வகுப்பு அந்தப் பகுதிக்கு வந்தபோது மேம் என்னைத்தான் போர்டுக்குக் கூப்பிட்டார்.

போன வாரம் ஜூனியர் தம்பி ஒருவனுக்கு அந்தக் கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அதே ஜன்னலில் சீல் விழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம்.